கெட்டிலின் அடியில் படிந்தது

ரயில் மலையைச் சுற்றி ஏற ஆரம்பித்ததும் அவளுக்குக் கண் சொக்கியது. பாதித் தூக்கத்தில் அந்த வழக்கமான கனவு வந்தது. நீளமான ஒரு கூடம். இரண்டு பக்கமும் ஆளுயர அலமாரிகள். ஒவ்வொரு அலமாரிக்குள்ளும் யாரோ காய்ச்சலோடு படுத்துக்கொண்டு, தூக்கம் வராமல், வாய் ஓயாமல் முணுமுணுக்கிறார்கள். எங்கோ ஒருத்தி அனுப்பிய கல்யாணப் போட்டோ, ஒருவன் கேட்ட மழை நிலவரம், இன்னொருவன் யாரையோ திட்டி எழுதிவிட்டு அழித்த வரி, எல்லாம் அந்த முணுமுணுப்பில் கலந்திருக்கின்றன. அவள் ஒவ்வொரு நெற்றியாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடக்கிறாள். எல்லாம் கொதிக்கின்றன. “எங்கள எங்கயாவது காத்தாடப் படுக்க வையேன்” என்று அலமாரிகள் கெஞ்சுகின்றன.

கண் விழித்தபோது ஜன்னலுக்கு வெளியே மலை இல்லை, மரம் இல்லை, வெறும் வெள்ளை. பள்ளத்தாக்கின் மூடுபனிக்குள் ரயில் நுழைந்திருந்தது. கனவு முடிந்ததா, அடுத்தது தொடங்கிவிட்டதா என்று ஒரு கணம் அவளுக்குப் பிடிபடவில்லை.

ஒரு கம்பெனி டேட்டா சென்டர் கட்ட நினைத்தால், உலகத்தில் எந்த மூலையில் கட்டலாம் என்று தேடிச் சொல்வது அவள் வேலை. “கம்ப்யூட்டரை அடுக்கிவைக்க ஒரு கட்டடம், எங்க கட்டுனா என்ன?” என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், அவளுக்கு உற்சாகம் பீறிட்டுக்கொண்டு வரும். கேட்டவர் பஸ்ஸைத் தவறவிடும்வரை விளக்குவாள். அந்தக் கட்டடத்துக்குள் போகிற மின்சாரம் பாட்டு அனுப்பினாலும் படம் தேடினாலும் கணக்குப் போட்டாலும், கடைசியில் ஒரு துளி மிச்சமில்லாமல் சூடாகத்தான் மாறுகிறது. ஒரு ஊரே சேர்ந்து அடுப்பைப் பற்றவைத்து, அணைக்கவே அணைக்காமல் விட்டதுபோல. அந்தச் சூட்டை இரவு பகல் வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே மின்சாரம் கண் சிமிட்டாமல் வர வேண்டும், நிலம் ஆடக்கூடாது, வெள்ளம் எட்டிப்பார்க்கக் கூடாது, வெளிச்சத்தில் சேதி கொண்டுபோகும் கண்ணாடி இழைக் கேபிள் அருகில் ஓட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகக் குளிர்ச்சி வேண்டும்.

அலுவலகச் சுவரில் இருந்த உலக வரைபடம் ஆரம்பத்தில் அம்மை போட்ட முகம் மாதிரி ஊசிகளால் நிறைந்திருந்தது. நிலநடுக்கம் சில ஊசிகளைப் பிடுங்கியது. வெள்ளமும் புயலும் சிலவற்றை. மின்சாரம் இல்லாத அழகான இடங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. மிஞ்சியவை இரண்டு. ஒன்று, வடக்கே பனி உருகிக் கடலில் கலக்கும் குளிர்ந்த கரை. மற்றொன்று இந்தப் பள்ளத்தாக்கு.

இந்தப் பள்ளத்தாக்கில்தான் அவள் கணவரும் மகளும் இருந்தார்கள்.

கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. இடத்தைத் தேர்ந்தெடுத்தவரே கட்டி முடியும்வரை அங்கே குடியிருக்க வேண்டும். “புகழ்ந்து எழுதினவங்களே போய் அனுபவிக்கட்டும்” என்று முதலாளி எப்போதோ சிரித்துக்கொண்டே சொன்னது அப்படியே சட்டமாகிவிட்டது. கல்யாணமான புதிதில் கணவர் மூட்டைமுடிச்சோடு கூடவே வந்தார். அவருக்கு மூக்குக்கண்ணாடித் தொழில். எந்த ஊரிலும் மங்கிய கண்கள் இருக்கும். ஆனால் ஊர் ஊராகக் கடையைத் திறந்து மூடி அலுத்துப்போய், கடைசியில் இந்தப் பள்ளத்தாக்கில் நங்கூரம் போட்டுவிட்டார். போன முறை அவள் வந்திருந்தபோது, ஒரு லென்சைத் துணியால் துடைத்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னார்: “அடுத்தத இங்கயே கட்டு. இல்லன்னா நீ போ, நல்லா கட்டிட்டு வா. நானும் குருவியும் இனிமே பெட்டி கட்டறதா இல்ல.” குருவி என்பது மகள். எடுத்துச் சாப்பிடும் அளவை வைத்து வந்த பெயர்.

அதனால்தான் இந்த முறை இரண்டு இடங்களுக்கும் மதிப்பெண் போடும் வேலையில் அவள் கையே வைக்கவில்லை. மின்சாரப் பக்கத்தைப் பார்க்கும் சக ஊழியனிடம் கொடுத்துவிட்டாள். அவனை எல்லோரும் ‘கரண்ட்’ என்றுதான் கூப்பிடுவார்கள். நேற்று அவன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து அவள் மேஜையில் இடித்து நின்றான்.

“அக்கா, கோவிச்சுக்காத. பள்ளத்தாக்கு அவுட்.”

“எதுல?”

“ஈரத்துல. காத்து பூரா ஈரம். தண்ணிய ஆவியாக்கிக் குளிர வைக்கறதெல்லாம் அங்க வேலைக்கே ஆகாது. இதோ, மாமா அனுப்பின போட்டோதான் சாட்சி.”

மாமா என்றது அவள் கணவரை. மலைமேல் வைத்திருந்த இரட்டை வெப்பமானியைத் தினமும் பிற்பகலில் போன் கேமராவில் பிடித்து அனுப்புவது அவர்தான். மூடுபனி இறங்கும் இடங்களில் எலக்ட்ரானிக் பெட்டிகள் நனைந்து உளறும் என்பதால், பழைய கண்ணாடி வெப்பமானிகளைத்தான் அவள் நம்பினாள். அது எளிமையான, அழகான ஏற்பாடு. இரண்டு வெப்பமானிகள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். ஒன்று சும்மா இருக்கும். மற்றதன் குமிழுக்கு ஒரு பருத்தித் துணியைச் சுற்றி, துணியின் நுனியைத் தண்ணீர்க் கிண்ணத்தில் விட்டிருப்பார்கள். துணி தண்ணீரை உறிஞ்சும்; காற்று அதை ஆவியாக்கும்; ஆவியாகும் தண்ணீர் போகிற போக்கில் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். குளித்துவிட்டு ஈரத்தோடு வாசலுக்கு வந்தால் உடம்பு சிலிர்க்கிறதே, அதேதான். காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ அவ்வளவுக்கு ஈரத்துணி வெப்பமானி கீழே இறங்கும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான், இந்த ஊர்க் காற்று நம் காய்ச்சல்காரர்களை எவ்வளவு குளிர வைக்கும் என்பதற்கான வாக்குறுதி.

போட்டோக்களில் இடைவெளியே இல்லை. இரண்டு சிவப்புக் கோடுகளும் ஒட்டிப்பிறந்தவை மாதிரி ஒரே உயரத்தில் நின்றன. அவள் ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பின்னணியில் வானம் துடைத்துவிட்டதுபோல நீலமாக இருந்தது. கொடியில் யாரோ காயப்போட்ட போர்வை விறைத்து நின்றது.

“இந்த வெயில்ல இவ்வளவு ஈரமா?” என்றாள்.

“அக்கா, உனக்கு அங்க போகணும்னு ஆசை. ஆசையில பாத்தா அப்படித்தான் தெரியும்.”

அவன் சொன்னது சுருக்கென்றது. தன்னையே நம்ப முடியாத நிலை அது. ஒரு வாரம் மட்டும் கேட்டுவிட்டு ரயில் ஏறினாள்.

கடை கீழே, வீடு மேலே. படியேறும்போதே வினிகர் வாடை மூக்கில் ஏறியது.

“வா வா, ஊர்சுத்தி. டீ இப்ப கிடைக்காது. கெட்டில் ஊறிக்கிட்டிருக்கு” என்றார் கணவர்.

“ஞாயித்துக்கிழமையாச்சே” என்று அவளும் சிரித்தாள். ஞாயிறுதோறும் கெட்டிலில் வினிகர் ஊற்றி வைத்து, ஊறியதும் கரண்டிக் காம்பால் சுரண்டிக் கழுவுவது இந்த வீட்டின் மாறாத கடமை. வந்தபோதெல்லாம் பார்த்திருக்கிறாள். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வெறும் தண்ணீரைக் குடித்தாள். வேறு எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை.

குருவி ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டது. “அம்மா, நாம ஜெயிச்சுட்டமா?”

“என்னத்த?”

“அப்பா சொன்னாரு, மலை மேல பரீட்சை நடக்குதாம். ஜெயிச்சா நீ இங்கயே இருப்பியாம்.”

கணவர் திடீரென்று கெட்டிலை மும்முரமாகச் சுரண்ட ஆரம்பித்தார்.

மதியம் மூவரும் மலையேறினார்கள். மூடுபனி விலகி, வெயில் பால் மாதிரி இறங்கியிருந்தது. வழியெல்லாம் அவளுக்குக் கனவின் கூடம் மனதில் ஓடியது. இந்தச் சரிவில் அலமாரிகளை அடுக்கலாம். அந்த மர வரிசையின் மேல் வரும் காற்று நேரே உள்ளே போகும். மாலையில் வேலை முடிந்து இறங்கினால் கடை மூடும் நேரத்துக்கு வீடு. காய்ச்சல்காரர்கள் பெருமூச்சு விட்டுத் தூங்குவது காதில் கேட்கிற மாதிரி இருந்தது.

உச்சியில், பக்கவாட்டில் பலகை இடுக்குகள் வைத்த வெள்ளைப் பெட்டிக்குள் வெப்பமானிகள் தொங்கின. அவள் கதவைத் திறந்து துணியைத் தொட்டாள். தொட்ட விரல் அப்படியே நின்றது.

துணி துணியாக இல்லை. கஞ்சி போட்டுக் காயவைத்த சட்டைக் காலர் மாதிரி விறைத்திருந்தது. கிண்ணத்தில் தண்ணீர் நிறைய இருந்தும், ஒரு சொட்டுகூட மேலே ஏறவில்லை. நனையாத துணிக்குள் அந்த வெப்பமானியும் மற்றதைப் போலவே வெறும் சூட்டைக் காட்டிக்கொண்டிருந்தது.

“என்னங்க, நான் வச்சுட்டுப் போன கேன் தண்ணியத்தானே ஊத்துனீங்க?”

“அது தீந்து போச்சு. நீ வரேன் வரேன்னு வரவே இல்லையே. அதோ அந்த ஊத்துலேர்ந்து பிடிச்சு ஊத்துனேன்.” அவர் பாறை இடுக்கில் கசியும் ஊற்றைக் காட்டினார். “கடைத் தண்ணி செத்த தண்ணி. இந்த மலைய அளக்க இந்த மலைத் தண்ணிதான் சரின்னு பட்டுது. தினமும் புதுசா மாத்துனேன். ஏன், தப்பா?”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. தினமும் கடையைப் பூட்டிவிட்டு இவ்வளவு தூரம் ஏறி, பரீட்சையில் ஜெயிக்க வேண்டும் என்பதற்காக ஊரிலேயே நல்ல தண்ணீரைத் தேடிப் பிடித்து ஊற்றியிருக்கிறார். அந்த அக்கறைதான் இடத்தைத் தோற்கடித்திருந்தது.

பையிலிருந்து புதுத் துணியை எடுத்துச் சுற்றினாள். காய்ச்சி வடித்த தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றினாள். மூவரும் பெட்டிக்கு முன்னால் குனிந்து நின்றார்கள். துணி கருத்து ஈரமாவது தெரிந்தது. காற்று ஒருமுறை வீசியது. சிவப்புக் கோடு தயங்கி, பிறகு படியிறங்குகிறவர் மாதிரி நிதானமாக இறங்க ஆரம்பித்தது. இறங்கியது, இன்னும் இறங்கியது.

“ஜெயிக்குது!” என்று குருவி கத்தியது.

அடுத்து வந்த நாட்கள் தரையில் கால் பாவாத நாட்கள். தினமும் பிற்பகலில் இடைவெளி அகலமாகவே விழுந்தது. கணவர் கடையில் தனக்குத்தானே பாடினார். ஒருநாள் அவளுக்குப் படிக்கிற கண்ணாடி வேண்டும் என்று கண்டுபிடித்து, உட்காரவைத்து எழுத்துப் பலகையை வாசிக்கச் சொன்னார். கடைசி வரியை அவள் மனதிலிருந்து ஒப்பித்தபோது, “திருட்டுத்தனம், திருட்டுத்தனம்” என்று தலையில் தட்டினார். ‘சரி, அளவு மாறுது, நான் திரும்பக் கணக்குப் போடறேன்’ என்று கரண்டும் செய்தி அனுப்பியிருந்தான்.

மறு ஞாயிறு, விறைத்துப்போன அந்தப் பழைய துணியை ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அவள் கழுவப் போனாள். சோப்புக்கு அது அசையவில்லை.

“அதுக்கு ஏன் இந்தப் பாடு படற? கெட்டிலுக்குப் போடற மருந்தையே போடு” என்று கணவர் வினிகர் பாட்டிலை நீட்டினார்.

அவள் ஊற்றினாள். துணி சீறியது. குட்டிக் குட்டிக் குமிழ்கள் பொங்கி எழுந்தன. பக்கத்தில் கெட்டிலுக்குள்ளும் அதே சீறல், அதே குமிழ்கள்.

அவள் கெட்டிலுக்குள் எட்டிப் பார்த்தாள். அடியில் வெள்ளையாக, முட்டை ஓடு மாதிரிப் படிந்திருந்தது. சுண்ணாம்பு.

இத்தனை வருஷம் இந்த வீட்டில் டீ குடித்திருக்கிறாள்.

“குழாய்த் தண்ணி எங்கேர்ந்து வருது?” என்றாள், தெரிந்தே.

“ஆத்துலேர்ந்து.”

“மழையில்லாத மாசத்துல ஆத்துக்கு எங்கேர்ந்து வருது?”

“மலை ஊத்துலேர்ந்துதான். ஏன், மூஞ்சி இப்படிப் போகுது?”

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். ஆற்றுத் தண்ணீரைச் சோதனைக்கு எடுத்தது அவளேதான். மற்ற எல்லா அளவும் எடுத்த அதே பயணத்தில், நல்ல மழைக்காலத்தில். மழை கலந்த ஆறு எல்லா ஊரிலும் மென்மையாகத்தான் இருக்கும். மழை நின்றபின் ஆற்றில் ஓடுவது மலையின் வயிற்றுக்குள் சுண்ணாம்புக் கல்லைக் கரைத்துக்கொண்டு வரும் ஊற்றுநீர். வானத்தையும் பூமியையும் அளந்தவள் தன் வீட்டுக் கெட்டிலைப் பார்க்கவில்லை.

அவர் கேட்காமலே அவள் விளக்கத் தொடங்கினாள். சந்தோஷத்திலும் துக்கத்திலும் அவளுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். “தண்ணி ஆவியா போகும்போது தண்ணி மட்டுந்தாங்க போகும். சுண்ணாம்பு போகாது. பின்னாடியே தங்கிடும். உங்க கெட்டில்ல ஒரு வாரத்துல இவ்வளவு. அங்க நாளெல்லாம் ஒரு குளத்தையே ஆவியாக்கப் போறோம். குழாயெல்லாம் அடைச்சுக்கும்.”

“மெஷின் வச்சுச் சுத்தம் பண்ண முடியாதா?”

“முடியும். உப்பப் போட்டு சுண்ணாம்பப் பிரிச்சு எடுக்கலாம். ஆனா அந்த உப்புக் கழிவ எங்க விடறது? இருக்கறது ஒரே ஆறு. கீழ்வீட்டுக்காரங்க, கீழ்த்தெருக்காரங்க, குருவி, எல்லாரும் குடிக்கறது அதுதான்.”

கணவர் கெட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது ஆபீசுல தெரியுமா?” என்று கேட்டார்.

“தெரியாது. அவங்ககிட்ட இருக்கற சோதனையில ஆறு சுத்தம்னுதான் இருக்கு.”

“அப்ப நீ வாயத் திறக்கலன்னா...”

“ஜெயிச்சிடுவோம்.”

ஜன்னலுக்கு வெளியே சாயங்கால மூடுபனி மறுபடி ஏறி வந்து தெருவை அழித்துக்கொண்டிருந்தது. முதலில் எதிர்க் கடையின் பெயர்ப்பலகை, பிறகு விளக்குக் கம்பம், பிறகு நடக்கிறவர்களின் கால்கள். இடுப்புக்கு மேல் மட்டும் மனிதர்கள் மிதந்துபோனார்கள். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். இங்கே இருக்க முடிந்தால் என்று நினைத்தாள். நினைத்ததை முழுதாக நினைத்து முடித்தாள். பிறகு போனை எடுத்தாள்.

“கரண்டு, கணக்க நிறுத்து. ஆத்துத் தண்ணி சாம்பிள நான் தப்பான காலத்துல எடுத்துட்டேன். மழை நின்னா அது பூரா சுண்ணாம்பு.”

“அக்கா, மாமா பக்கத்துலதான் இருக்காரா?” என்றான் அவன்.

“இருக்காரு.”

“சரி. வடக்குக் கரைன்னு எழுதிடறேன்” என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனை வைத்தான்.

கணவர் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. கெட்டிலைத் தேய்த்துக் கழுவி, அடுப்பில் வைத்து, அவளுக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டுக் கடைக்கு இறங்கிப் போனார். குருவி மட்டும், “நாம தோத்துட்டமா?” என்று கேட்டது. “மலை தோக்கலடி. மலைக்குப் பிடிக்காதத நாம செய்யல” என்றாள் அவள். சொன்னது அவளுக்கே முழுதாகச் சமாதானமாகவில்லை.

அடுத்து அவள் இடம் பார்க்கப் போன வடக்குக் கரையில் காற்று எந்நேரமும் குளிர்ந்தே வீசியது. தண்ணீரை ஆவியாக்கவே தேவையில்லை. சுவரில் கதவைத் திறந்துவிட்டால் போதும். உள்ளே வரும் குளிர் காய்ச்சலை வாங்கிக்கொள்ளும். வாங்கிய சூட்டையும் வீணாக்கப் போவதில்லை. அதைக் கொண்டு தண்ணீரைச் சூடாக்கி, பூமிக்கடியில் குழாய்வழியாக ஊருக்குள் ஓடவிட்டு, வீட்டுத் தரைகளைக் கதகதப்பாக்கத் திட்டம் போட்டிருந்தார்கள். அங்கே தங்கிய முதல் இரவு அவளுக்கு வந்த கனவில் அலமாரிகள் முணுமுணுக்கவில்லை. நீளமான கூடத்தின் கடைசியில் ஒரு சின்ன அறை. அதன் வெதுவெதுப்பான தரையில் குருவி வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தது.

கட்டட வேலை தொடங்கும்முன் கிடைத்த விடுமுறையில், அவள் ஒரு பெரிய கேனோடு பள்ளத்தாக்குக்குத் திரும்பினாள்.

“என்ன இது?” என்றார் கணவர்.

“அந்தக் கரைத் தண்ணி. பனி உருகுனது.”

“ஏன், இங்க தண்ணிக்கா பஞ்சம்?”

“சும்மாதான் எடுத்துட்டு வந்தேன்.”

அவர் கேனை அடுப்பு மேடைக்கு அடியில் தள்ளினார். மறுநாள் காலை கெட்டிலைப் பளபளவென்று துலக்கி, அந்தத் தண்ணீரை ஊற்றி டீ போட்டார். அதற்கு மறுநாளும். யாரும் அதைப்பற்றிப் பேசவில்லை. அவள் தங்கியிருந்த வாரங்களில் கேன் கொஞ்சம் கொஞ்சமாக இலேசாகியது. அவள் தரைக் குழாய்களைப்பற்றிக் குருவிக்கு விளக்கும்போது, அவர் அறைக்குள் எதையோ தேடுகிறவர் மாதிரி வந்து நின்று கேட்டுவிட்டுப் போனார்.

கேன் காலியான ஞாயிற்றுக்கிழமை, வினிகர் வாடை வரவில்லை. அவள் படியிறங்கிப் பார்த்தாள். கடையில் அவர் கெட்டிலை லென்ஸ் சோதிக்கும் விளக்குக்கு அடியில் சாய்த்துவைத்து, கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே துழாவிக்கொண்டிருந்தார். விரலை விட்டுத் தடவினார். விரலை முகர்ந்தார்.

“குருவி, இங்க வா. உள்ள என்ன தெரியுது?”

குருவி கெட்டிலுக்குள் தலையை நுழைக்காத குறையாகப் பார்த்தது. “என் மூஞ்சி தெரியுது.”

“வேற?”

“வேற ஒண்ணும் இல்லப்பா.”

அவர் பூதக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். வாசலில் நின்றவளைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்: “ஊர்சுத்தி, அந்தக் கரையில ஜனங்களுக்குக் கண்ணெல்லாம் எப்படி?”

“பனி வெளுப்புல கூசுதாம். பாதிப்பேர் கண்ணச் சுருக்கிக்கிட்டுத்தான் பேசறாங்க. பக்கத்துல கண்ணாடிக் கடையே கிடையாது.”

“கிடையாதா?”

“நான் விசாரிச்சுட்டேன்.”

“விசாரிச்சிருப்ப. உன் வேலையே அதானே.” அவர் எழுந்து வாசலுக்கு வந்து, கடையின் நெற்றியில் மாட்டியிருந்த பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்த்தார். மூடுபனி அதன் ஓரத்தை நக்கிக்கொண்டிருந்தது.

“அதக் கழட்டணும்னா ஏணி வேணும். எதிர்க் கடையில இருக்கான்னு கேட்டுட்டு வா.”

அவள் செருப்பைக்கூடப் போடாமல் தெருவில் இறங்கினாள்.